வீட்டு நாயை முதன்முதலாக ஆட்டு மந்தையிடம் பழக்குவது எப்படி? செட்டிநாட்டு வட்டாரத்துக்கான முழுமையான வழிகாட்டி

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் தை அறுப்பு முடிந்ததும் வயல்களில் கிடை இறங்கும், அதாவது ஆட்டு மந்தைகள் வந்து தங்கும். அறுத்த தாளுக்கு நடுவே நூற்றுக்கணக்கில் செம்மறிகள் நிற்பதைக் கண்டால், காலை நடைக்கு வந்த வீட்டு நாய் சட்டென்று நின்றுவிடும். காது முன்னால் வரும், தலை தோளுக்குக் கீழே தாழும், கண் இமைக்காது. 'நம்ம நாய் ஆடு மேய்க்குமா?' என்ற ஆசை பெரும்பாலும் அந்த இடத்தில்தான் பிறக்கிறது. சில நாய்கள் மேய்க்கும். ஆனால் கயிற்றை அவிழ்த்துவிட்டுப் பார்ப்பது அதைத் தெரிந்துகொள்ளும் வழியல்ல. அப்படி விட்டால் பத்தில் ஒன்பது நாய் துரத்தும், மிச்சம் ஒன்று கடிக்கும். முறையாகச் செய்தால், ஒரு வாரத் தயாரிப்பிலும் ஒரு காலைப் பொழுதிலும் உங்கள் நாய் எப்படிப்பட்டது என்று தெளிவாகத் தெரிந்துவிடும்.

இங்குள்ள ஆட்டுக்கு நாய் யார்?

மற்ற எல்லாவற்றுக்கும் முன் இதைப் புரிந்துகொள்ள வேண்டும். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து எல்லைப் பகுதியில் பார்டர் காலி நாய்கள் தலைமுறை தலைமுறையாக ஆடு ஓட்டி வருகின்றன. வேல்ஸில் உள்ள பாலா என்ற ஊரில் 1873-லேயே மேய்ப்பு நாய்களுக்குப் போட்டி நடத்தினார்கள். அங்கே பிறக்கும் ஆட்டுக்குட்டி, நாய் ஓட்டுவதைப் பார்த்தபடியே வளர்கிறது. நாய் பின்னால் வந்தால் எந்தப் பக்கம் நகர வேண்டும், நகர்ந்தால் நாய் விட்டுவிடும் என்பதெல்லாம் அதற்குப் பழக்கம்.

நம் பக்கம் கதை வேறு. கீதாரிகள், அதாவது மந்தையோடு ஊர் ஊராகப் போகும் ஆட்டுக்காரர்கள், குரலாலும் கம்பாலும் மந்தையை நடத்துகிறார்கள். கிடையில் இருக்கும் நாய் இரவுக் காவலுக்கு. நரியையும் திருடனையும் விரட்டுவது அதன் வேலை, ஆட்டை ஓட்டுவது அல்ல. ஆகவே இங்குள்ள செம்மறிக்குத் தெரிந்த நாய் இரண்டே வகை. ஒன்று, கூடவே படுத்துக்கிடக்கும் சொந்த நாய். மற்றது, குட்டியைத் தூக்க வரும் வெளிநாய். உங்கள் வீட்டு லாப்ரடார் எவ்வளவு சாதுவானதாக இருந்தாலும் ஆட்டின் கண்ணுக்கு அது இரண்டாம் வகைதான். போதாததற்கு, இந்த வட்டாரத்தில் மேயும் ராமநாதபுரம் வெள்ளை போன்றவை கம்பளி இல்லாத, கால் நீண்ட, துடிப்பான ஆடுகள். வெருண்டால் நிற்காமல் ஓடும், சிதறும், வேலியைத் தாண்டும்.

அதனால் பாதி வேலை ஆட்டைத் தயார் செய்வதில் இருக்கிறது. வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்த்து அப்படியே செய்பவர்கள் சறுக்குவது இங்கேதான். அந்தக் காணொளிகளில் இருப்பவை நாய் பழகிய ஆடுகள்.

எந்த நாய்?

மேய்ப்பு என்பது வேட்டையின் முன்பாதி. வேட்டை விலங்கு இரையைப் பார்க்கும், உற்று நோக்கும், பதுங்கி நெருங்கும், துரத்தும், கவ்வும், கொல்லும். மேய்ப்பு இனங்களில் மனிதர்கள் தேர்ந்தெடுத்து வளர்த்து, பார்ப்பது முதல் சுற்றி மடக்குவது வரையிலான பகுதியைக் கூர்மையாக்கி, கவ்வுவதையும் கொல்வதையும் மழுங்கடித்தார்கள். உங்கள் நாயின் இனத்தில் இந்த வரிசையின் எந்தப் பகுதி வலுவாக இருக்கிறது என்பதுதான் கேள்வி.

பார்டர் காலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட், ஷெட்லாண்ட் ஷீப்டாக் ஆகியவற்றில் நல்ல வாய்ப்பு உண்டு. ஜெர்மன் ஷெப்பர்டும் ஆதியில் ஆட்டு நாய்தான். ஆனால் அதன் வேலை, மந்தையின் ஓரமாக நடந்து பயிருக்குள் ஆடு இறங்காமல் வேலிபோல இருப்பது. அதனிடம் பார்டர் காலியின் பதுங்கலை எதிர்பார்க்காமல், ஓரமாக நடக்கிறதா என்று பாருங்கள். ராட்வைலர் மாட்டு மந்தை ஓட்டிய இனம். நெஞ்சால் இடித்துத் தள்ளும். முப்பது கிலோவுக்கும் குறைவான நம்மூர் ஆட்டுக்கு அந்த இடி அதிகம். லாப்ரடார், கோல்டன் ரெட்ரீவர், பொமரேனியன் ஆகியவை சும்மா ஆர்வம் காட்டும். சிலது நன்றாகவே பின்தொடரும். ஒருமுறை பழக்கிப் பார்ப்பதில் தவறில்லை.

ராஜபாளையம், சிப்பிப்பாறை, கன்னி ஆகிய நம் நாய்களைப் பற்றி வெளிப்படையாகச் சொல்லிவிட வேண்டும். இவை கண்ணால் கண்டு துரத்திப் பிடிக்க வளர்க்கப்பட்ட வேட்டை நாய்கள். வரிசையின் பின்பாதிதான் இவற்றின் பலம். மனிதரிடம் எவ்வளவு பாசமாக இருந்தாலும், ஓடுகிற ஆடு அந்தப் பலத்தைத் தட்டி எழுப்பிவிடும். இவற்றை ஆட்டருகே அமைதியாக இருக்கப் பழக்கலாம்; அது நல்ல பயிற்சி, கிராமத்தில் அவசியமானதும்கூட. ஆனால் கயிறு கையை விட்டுப் போகக் கூடாது. பக் போன்ற மூக்கு சப்பையான நாய்களை எங்கள் வெயிலில் இந்த வேலைக்கே கொண்டு வராதீர்கள். மூச்சு வாங்கவே அவை திணறும்.

வயது 10 மாதத்துக்கு மேல் இருக்கட்டும். அதற்குக் குறைந்த குட்டியால் ஆட்டை முந்திப் போய் மடக்க முடியாது. பின்னாலேயே ஓடி ஓடி, துரத்துவதையே வேலையாகக் கற்றுக்கொள்ளும். ஒருமுறை ஆடு முட்டித் தள்ளிவிட்டால் வாழ்நாள் பயமும் வரும்.

வீட்டில் முடிக்க வேண்டிய பாடம்

மூன்று சொற்கள் போதும்: 'நில்', 'படு', 'போதும்'. கடைசிச் சொல்லுக்கு, செய்வதை விட்டுவிட்டு என்னிடம் வா என்று பொருள். மூன்றும் ஒன்றோடொன்று குழம்பாத ஓசைகள். தெருவில் பந்தை உருட்டிவிட்டு, நாய் அதன் பின்னால் பாயும்போது 'போதும்' என்று ஒரே முறை சொல்லுங்கள். பத்துக்கு எட்டு முறை பாதியில் திரும்பி வந்தால் நாய் தயார். 50 அடி தூரத்திலிருந்து 'படு' என்றால் படுக்க வேண்டும். இவை இரண்டும் வராத நாயை ஆட்டிடம் கொண்டு போவது, பிரேக் பிடிக்காத வண்டியைச் சந்தைக்குள் ஓட்டுவது மாதிரி.

திசைச் சொற்கள் முதல் நாளில் தேவையில்லை. பின்னால் தேவைப்படும்போது நம் மொழியிலேயே அருமையான சொல் இருக்கிறது. கோயிலை வலம் வருவதுபோல ஆட்டைச் சுற்றி வந்தால் 'வலம்', எதிர்த்திசையில் சுற்றினால் 'இடம்'. மூலவர் எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருப்பதுபோல், 'வலம்' போகும் நாய்க்கு ஆடு வலப்பக்கம் இருக்கும். ஆட்டைப் பார்த்து நிற்கும் உங்களிடமிருந்து கிளம்பும்போது அது உங்கள் இடக்கைப் பக்கமாகத்தான் போகும். இதில் ஆட்கள் குழம்புவார்கள், நாய் குழம்பாது. ஆனால் வீட்டில் அழைப்பதற்கு 'வா' என்று பழக்கியிருந்தால் 'வலம்' என்பதன் முதல் ஓசையிலேயே நாய் திரும்பி வந்துவிடும். அழைப்பைப் பெயர் சொல்லியோ 'போதும்' என்றோ மாற்றிக்கொள்ளுங்கள்.

தடுப்பூசியும் குடற்புழு மருந்தும்

வெறிநாய்க்கடித் தடுப்பூசி காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். எலிக்காய்ச்சல் உள்ளிட்ட கூட்டுத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். சீட்டைக் கையோடு எடுத்துப் போங்கள். ஆட்டுக்காரர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

குடற்புழு மருந்தைப் பலர் விட்டுவிடுகிறார்கள். நாயின் சாணத்தில் வரும் சிலவகை நாடாப்புழு முட்டைகள் புல்லோடு ஆட்டின் வயிற்றுக்குள் போனால், ஈரலிலும் நுரையீரலிலும் நீர்க்கட்டிகள் வரும். மூளையில் கட்டி வந்த ஆடு ஒரே பக்கமாகத் தலையைச் சாய்த்துக்கொண்டு வட்டமடித்தே மெலிந்து சாகும். ஈரல் கட்டி மனிதருக்கும் வரக்கூடியது. ஆகவே ஒரு வாரம் முன்னதாக, பிராசிகுவான்டல் கலந்த மாத்திரையை, நாயின் எடைக்குக் கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் கொடுங்கள். மேய்ச்சல் நிலத்தில் நாய் மலம் கழித்தால் பையில் எடுத்துக் கொண்டு வந்துவிடுங்கள். கசாப்புக் கடையில் தூக்கிப்போடும் பச்சை ஈரலையும் நுரையீரலையும் நாய்க்குப் போடாதீர்கள். இந்தப் புழு நாய்க்குள் வரும் வழியே அதுதான்.

எதிர்ப்பக்கமும் ஒரு ஆபத்து உண்டு. நாய்கள் ஆட்டுப் புழுக்கையைத் தின்னும். ஆட்டுக்குப் புழு நீக்க ஐவர்மெக்டின் போட்டிருந்தால் அது சில நாட்கள் புழுக்கையில் வெளியேறிக்கொண்டிருக்கும். பார்டர் காலி, ஷெட்லாண்ட், ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் போன்ற காலி வகை நாய்களில் சிலவற்றுக்கு இந்த மருந்து மூளையைத் தாக்கும் பிறவிக் குறை இருக்கிறது. தள்ளாட்டம், எச்சில் ஒழுகல், பார்வை மங்கல், வலிப்பு என்று போகும். 'எப்போ ஊசி போட்டீங்கண்ணே?' என்று கேட்டு, இரண்டு வாரம் கடந்த ஆடுகளாகத் தேர்ந்தெடுங்கள்.

கீதாரியிடம் பேசுவது

யாருடைய ஆடோ அவர்தான் அன்றைய தலைவர். அவர் 'போதும் தம்பி' என்றால் அந்த நொடியே நாய் வெளியே வர வேண்டும். இதை முதலிலேயே உங்கள் வாயால் சொல்லிவிடுங்கள். அவருக்கு நம்பிக்கை வரும். துரத்தப்பட்ட ஆடு எடை இழக்கும், சினை ஆடு கரு கலைந்து குட்டி வீசும், மிரண்ட மந்தை மறுநாள் மேயாது. அவருடைய பயம் நியாயமானது. ஆட்டின் நேரத்துக்கும் அவருடைய நேரத்துக்கும் ஒரு தொகை, ஆட்டுக்குக் காயம்பட்டால் வைத்தியச் செலவு, உயிர்ச்சேதமானால் சந்தை விலை என்று மூன்றையும் முன்கூட்டியே பேசி முடியுங்கள்.

அவரிடம் கேட்க வேண்டியது 5 ஆடுகள். ஒன்றோ இரண்டோ என்றால் தனித்துவிட்ட பயத்தில் வேலியில் முட்டிக்கொள்ளும். மூன்று என்றால் இரண்டும் ஒன்றுமாகப் பிரியும். பத்தைத் தாண்டினால் நாய் நடுவே புகுந்து பிளந்துவிடும். ஐந்தும் ஒரே மந்தையில் ஒன்றாக வளர்ந்தவையாக, ஒன்றரை வயதிலிருந்து நான்கு வயதுக்குள், நல்ல கால்களோடு இருக்க வேண்டும். சினை ஆடு, பால் குடிக்கும் குட்டியுள்ள தாய், நொண்டுவது, இருமுவது, கிடாய் எதுவும் வேண்டாம். சினையா இல்லையா என்பதில் அவர் 'தெரியலை' என்றால் அந்த ஆட்டை விட்டுவிடுங்கள். ஐந்தில் ஒன்றாவது அவர் குரலுக்குப் பின்னாலேயே வருகிற ஆடாக இருந்தால் வேலை எளிது, மற்றவை அதைத் தொடரும். ஆட்டுக்கொல்லி, துள்ளுமாரி தடுப்பூசிகள் போட்ட ஆடாக இருப்பது நல்லது.

வெள்ளாடு கிடைக்கிறதே என்று அதை வைத்துச் செய்யாதீர்கள். வெள்ளாடு கும்பல் கூடாது. திரும்பி நின்று முட்டும், இல்லாவிட்டால் ஆளுக்கொரு திசையில் ஏறி ஓடும். புதிய நாய்க்கு அதில் கற்க ஒன்றுமில்லை.

ஆட்டுக்கு ஒரு வார வகுப்பு

ஐந்து ஆடுகளையும் ஏழு நாள் காலையில் அடைப்புக்குள் விட்டு, வெளியே ஒரு சாதுவான, வயதான நாயைக் கயிற்றில் பிடித்து நடத்த வேண்டும். உங்கள் நாயே அமைதியானது என்றால் அதையே நடத்தலாம். முதல் நாள் 100 அடி தூரம். ஆடுகள் தலை தூக்கிப் பார்த்து, கும்பலாகி, கொஞ்சம் நகர்ந்து நிற்கும். அப்படி நின்றவுடன் நாயைத் திருப்பிக் கூட்டிப் போய்விடுங்கள். இந்தத் திரும்புதல்தான் பாடம். 'நகர்ந்து நின்றால் நாய் போய்விடும்' என்பதை ஆடு இதில் கற்கிறது. ஒவ்வொரு நாளும் 10, 15 அடி குறைத்து, ஏழாம் நாளில் 20 அடிக்கு வந்துவிடலாம். அந்தத் தூரத்தில் ஆடுகள் கும்பலாகி நடந்தே விலகினால் தயார். வேலியில் மோதினால் இன்னும் மூன்று நாள் ஆகட்டும். ஒரு ஆடு முன்னங்காலைத் தரையில் அடித்து நாயை முறைத்தால் அதை மாற்றிவிடுங்கள். அது முட்டப் போகிறது.

இந்த வகுப்பை வேண்டாமென்று தள்ளிவிட்டு நேராக நாயோடு போகிறவர்கள், அன்று பார்ப்பது நாயின் திறமையை அல்ல, ஆட்டின் மரண பயத்தை.

அடைப்பு

60 அடி குறுக்களவுள்ள வட்டம் அளவாக இருக்கும். 6 அடி அகலப் படல் (வேலித் தட்டி) என்றால் 32 வேண்டும். உயரம் 4 அடிக்குக் குறையக் கூடாது. 40 அடிக்குச் சுருக்கினால், எங்கே நின்றாலும் ஆட்டுக்கு நாய் பக்கத்திலேயே இருப்பதாகத் தோன்றி ஓட்டம் நிற்காது. நூறடி வட்டமாக்கினால் உங்கள் கம்பும் காலும் நாயை எட்டாது. சதுரமாகக் கட்டினால் மூலைக்கு மூலை ஒரு படலைக் குறுக்கே வைத்து வளைத்துவிடுங்கள். மூலையில் அப்பிக்கொண்ட ஆடு அசையாது, அசையாத ஆட்டை நாய் கடித்துத்தான் அசைக்கும். முதல் நாள் கடிகளில் பெரும்பாலானவை மூலையில் நடப்பவை.

கிடை வலையை மட்டும் கட்டி அடைப்பாக்க வேண்டாம். ஓடுகிற ஆட்டின் காலும் நாயின் காலும் வலைக்கண்ணில் மாட்டும். வலைதான் இருக்கிறது என்றால் உட்புறமாக 3 அடி உயரத்துக்குப் பச்சை நிழல்வலைத் துணியை இழுத்துக் கட்டுங்கள். ஆட்டுக்கு அது சுவராகத் தெரியும்.

இடம் பொட்டலாகவோ அறுத்த வயலாகவோ இருக்கலாம். முந்தின நாள் மாலை ஒருமுறை முழுக்க நடந்து சீமைக்கருவேல முள், நெருஞ்சி, பாட்டில் சில்லு எல்லாவற்றையும் பொறுக்குங்கள். செம்புரான் சரளை நிறைந்த தரையில் வீட்டுக்குள் வளர்ந்த நாயின் பாதம் பத்து நிமிடத்தில் தேய்ந்து ரத்தம் வரும். சுற்றிலும் 200 அடிக்குள் கைப்பிடிச்சுவர் இல்லாத மொட்டைக் கிணறு இருந்தால் அந்த இடமே வேண்டாம். வேலி தாண்டிய ஆடு கண்மண் தெரியாமல் ஓடும்.

மந்தையின் மற்ற ஆடுகள் எங்கே நிற்கின்றன என்பதும் முக்கியம். அவை கண்ணில் பட்டாலோ கத்தல் கேட்டாலோ ஐந்து ஆடும் அந்தப் பக்கமே இழுக்கும். அந்த இழுப்பை எதிர்த்து மடக்குவது முதல் நாள் நாய்க்கு ஆகாத வேலை. கண்மாய்க் கரைக்கு அந்தப் பக்கமாக மந்தையை மேயவிடச் சொல்லுங்கள். கிடை நாய்களைக் கட்டச் சொல்ல மறக்க வேண்டாம். அவை தம் கடமையைச் செய்யும், உங்கள் நாய் குதறப்படும்.

கையில் இருக்க வேண்டியவை: தட்டையான பட்டைக் கழுத்துப்பட்டை, முடிச்சில்லாத 25 அடிக் கயிறு, 6 அடி மூங்கில் கம்பு, விரலை மூடும் காலணி, நாய்க்கும் ஆட்டுக்கும் தனித்தனித் தண்ணீர்த் தொட்டி, கூடுதலாக இரண்டு குடம் நீர், போவிடோன் அயோடின், வெப்பமானி, முள் எடுக்கும் சாமணம். இழுத்தால் நெரிக்கும் சங்கிலியும் முள்பட்டையும் வேண்டாம். ஆட்டைப் பார்க்கும்போது கழுத்து வலித்தால், வலி ஆட்டால் வந்தது என்றுதான் நாய் கணக்குப் போடும். அதன்பின் கடிக்கும், அல்லது ஆட்டைக் கண்டாலே ஒதுங்கும். தின்பண்டத்தை வண்டியிலேயே வைத்துவிடுங்கள்.

நாளும் நேரமும்

தை முதல் மாசி நடு வரை சிறந்த காலம். பங்குனிக்குள் நுழைந்துவிட்டால் காலை எட்டு மணிக்கே தரை சுடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் வழுக்கலும் உண்ணியும் தொல்லை. தையில் ஒரு எச்சரிக்கை: சிராவயல் மஞ்சுவிரட்டு நாட்களிலும், பக்கத்து ஊர்க் கோயில்களில் வேட்டுப் போடும் நாட்களிலும் வைக்காதீர்கள். ஒரு வேட்டுச் சத்தத்தில் ஒரு வார வகுப்பு போய்விடும்.

முந்தின இரவு நாய்க்குப் பாதி வயிறு, காலையில் தண்ணீர் மட்டும். 6 மணிக்கு இடத்தில் இருங்கள். 8 மணிக்கு முடித்துவிட வேண்டும். நாய் சூடானால் ஊருணியில் இறக்கலாமே என்று நினைக்க வேண்டாம். அது ஊர் குடிக்கிற நீர். குடத்து நீரை ஊற்றுங்கள்.

முதல் சுற்று: வேலிக்கு வெளியே

ஆடுகள் உள்ளே, நாய் வெளியே, கயிறு கையில். அடைப்பை மெதுவாக வலமாக ஒரு சுற்று, இடமாக ஒரு சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை 'நில்'. பத்து நிமிடம். நாய் எழும்பி வேலியில் மோதிக் குரைத்தால், அது ஆட்டைவிட்டு உங்களை ஒருமுறையாவது திரும்பிப் பார்க்கும்வரை விலகி நில்லுங்கள். திரும்பிப் பார்க்கவே இல்லையென்றால் அன்றைக்கு அவ்வளவுதான், உள்ளே போக வேண்டாம்.

வாலைக் கவனியுங்கள். பின்னங்காலோடு ஒட்டித் தாழ்ந்திருந்தால் நாய் யோசிக்கிறது. முதுகுக்கு மேலே கொடிபோல நிமிர்ந்தால் விளையாட்டு மூளைக்குப் போய்விட்டது, அடுத்து பாய்ச்சல்தான். வால் சுருண்ட நம் நாட்டு நாய்களில் இது தெரியாது. அவற்றுக்கு வாயைப் பாருங்கள்: மூடிய வாயும் அசையாத தலையும் நல்லவை.

இரண்டாம் சுற்று: உள்ளே, கயிற்றில்

இதுதான் நம் வட்டாரத்துக்கு ஏற்ற முறை என்பது எங்கள் உறுதியான கருத்து. ஆட்டுக்காரர் முன்னே நடப்பார், ஆடுகள் அவர் பின்னால், கயிற்றில் நாயோடு நீங்கள் அதற்கும் பின்னால், 20 அடி விட்டு. ஒருவர் வாசலில் நிற்க வேண்டும். ஆட்டுக்குத் தெரிந்த மனிதர் முன்னால் இருப்பதால் அது போக இடம் இருக்கிறது. நாய்க்கும் தன் இடம் எது என்று தெரிகிறது: ஆட்டுக்கு அந்தப் பக்கம் மனிதர், இந்தப் பக்கம் நான். மேய்ப்பின் அடிப்படையே இந்த எதிரெதிர் நிலைதான்.

ஒவ்வொரு ஆட்டைச் சுற்றியும் கண்ணுக்குத் தெரியாத ஒரு வளையம் உண்டு. நாய் அதன் விளிம்பைத் தொட்டால் ஆடு நடக்கும். உள்ளே புகுந்தால் ஓடும். விளிம்பை விட்டு வெளியேறினால் நிற்கும். 20 அடியில் ஆடு ஓடினால் 30 அடிக்குப் பின்வாங்குங்கள். இன்னொரு கணக்கு, ஆட்டின் தோள். தோளுக்குப் பின்னால் நாய் வந்தால் ஆடு முன்னே போகும். தோளைத் தாண்டி முன்னால் வந்தால் ஆடு திரும்பும். நீங்கள் இரண்டடி நகர்ந்தாலே ஆட்டின் திசை மாறுவதை இந்தச் சுற்றில் கண்ணாரக் காணலாம்.

ஐந்து நிமிடம் போதும். அதற்குள் நாய் இரண்டு முறை 'நில்'லுக்கு நின்று, கயிறு தளர்ந்திருந்தால் வெளியே கூட்டிப் போய்த் தண்ணீர் காட்டி, நிழலில் 20 நிமிடம் படுக்கவிடுங்கள். கயிறு கடைசிவரை விறைப்பாகவே இருந்ததென்றால் மூன்றாம் சுற்றை இன்னொரு நாளுக்கு வையுங்கள். இதில் ரோஷப்பட ஒன்றுமில்லை. ராட்வைலர், ராஜபாளையம் வகைகளுக்கு எப்போதுமே இரண்டாம் சுற்றோடு நிறுத்தம்தான்.

மூன்றாம் சுற்று: கயிறு தரையில்

கயிற்றைக் கழற்றுவதில்லை, கையிலிருந்து நழுவவிடுகிறோம், அது தரையில் இழுபடும். ஆபத்து வந்தால் மிதித்துப் பிடிக்கலாம். கையால் பாய்ந்து பிடித்தால் உள்ளங்கை கிழியும்.

நீங்கள் ஆட்டுக்கும் நாய்க்கும் நடுவே நில்லுங்கள். ஆட்டுக்காரர் உங்கள் பின்னால், ஆடுகளோடு. நாய் ஏதோ ஒரு பக்கமாகச் சுற்றத் தொடங்கும். எந்தப் பக்கமென்று நீங்கள் முடிவு செய்ய வேண்டாம், அதுவே காட்டட்டும். அது சுற்றி ஆட்டின் மறுபக்கம் போனதும் நீங்கள் பின்பக்கமாக நடந்துகொண்டே இருங்கள். ஆடுகள் உங்களை நோக்கி வரும், நாய் அவற்றின் பின்னால் வரும். முழங்காலைச் சற்று மடக்கி வைத்துக்கொள்ளுங்கள். விறைப்பாக நின்றால், முட்டிக்கொண்டு வரும் ஆடு மூட்டை உடைத்துவிடும். இந்த வேலையில் நாயைவிட நாய்க்காரர்தான் அதிகம் அடிபடுகிறார்.

கம்பு அடிக்க அல்ல. உங்கள் கையின் நீளத்தைக் கூட்ட. நாய் நெருக்கிச் சுற்றினால் அதன் தோளை நோக்கிக் கம்பைத் தாழ்வாக நீட்டுங்கள். அது விலகி அகலச் சுற்றும். அகலச் சுற்றினால் உடனே கம்பைத் தாழ்த்தி அழுத்தத்தை எடுத்துவிடுங்கள். கத்தாதீர்கள். இன்றைய பார்டர் காலிகளின் மூதாதையாகக் கொண்டாடப்படும் ஹெம்ப், 1893-இல் நார்தம்பர்லாந்தில் பிறந்தது. ஆட்டை அமைதியாக நடத்தும் விதத்துக்காகவே அது பெயர்பெற்றது. உங்கள் சத்தம் நாய்க்கு உற்சாகம், ஆட்டுக்குப் பயம். இரண்டும் வேண்டாதவை.

மூன்று நிமிடம். அதிகபட்சம் ஐந்து. நாய் நன்றாகச் செய்துகொண்டிருக்கும்போதே 'படு', கயிற்றை மிதி, 'போதும்'. இன்னும் ஒரு சுற்று என்று ஆசைப்படும் அந்தச் சுற்றில்தான் களைத்த நாய் கடிக்கிறது.

எங்கே கெடும், ஏன்?

ஒரு ஆடு தனியே பிரிந்தால் நாயை உடனே படுக்க வையுங்கள். ஆடே திரும்பி வந்து சேரும். பிரிந்த ஆட்டின் பின்னால் நாயை ஓடவிட்டால், பிரித்துத் துரத்துவதுதான் வேலை என்று அது பதிந்துகொள்ளும்.

நாய் கடித்தால், எப்படிக் கடித்தது என்று பார்க்க வேண்டும். ஓடும்போது பின்னங்காலில் ஒரு கொத்து கொத்திவிட்டு விட்டால் அது பதற்றம், பெரும்பாலும் இடம் நெருக்கமானதால் வருவது. திருத்தலாம். கழுத்தையோ விலாவையோ கவ்வி விடாமல் உதறினால் அது வேட்டை. அந்த நாய்க்கு இந்தப் பாதை அன்றோடு முடிந்தது. அதன்மேல் கோபப்படவும் வேண்டாம், இன்னொரு வாய்ப்பும் வேண்டாம்.

நாய் திடீரென்று தரையை மோப்பம் பிடிக்கிறது, புழுக்கை தின்கிறது, வேலியோரம் காலைத் தூக்குகிறது. ஆர்வமில்லை என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பெரும்பாலும் அதற்கு அழுத்தம் தாங்கவில்லை. ஆடு முறைத்திருக்கும், அல்லது நீங்கள் அதட்டியிருப்பீர்கள். ஆட்டைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தால் ஆர்வம் திரும்பும். உண்மையிலேயே ஆர்வமில்லாத நாய் உங்கள் காலடியில் வந்து உட்காரும். மூன்று வெவ்வேறு நாளிலும் அப்படியே செய்தால் அதை நிம்மதியாக வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஓயாத குரைப்பும் கெட்டது. ஒன்றிரண்டு குரைப்பு சில இனங்களின் வேலை முறை. நிறுத்தாமல் குரைக்கும் நாய் பயத்தில் இருக்கிறது, தூரத்தைக் கூட்டுங்கள்.

ஆடு வாய் திறந்து இரைத்தால் எல்லாம் நிறுத்தம். நாயின் நாக்கு அகன்று நுனி கரண்டிபோல் மடங்கி, ஈறு அடர்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகித் தள்ளாடினால் வெப்பத்தாக்கு. உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றிக் காற்று வீசுங்கள். 40.5 டிகிரி செல்சியஸைத் தாண்டியிருந்தால் நனைத்தபடியே மருத்துவரிடம் ஓட வேண்டும்.

முடித்த பின்

ஆட்டுக்காரர் ஒவ்வொரு ஆட்டையும் பிடிக்கட்டும். பின்தொடை, தொண்டை, காது ஆகிய இடங்களில் முடிக்கு எதிர்ப்பக்கமாக விரல்களை ஓட்டுங்கள். பல் பதிந்த துளை வெளியே கடுகளவு, உள்ளே விரல் ஆழம். மேலே முடி மூடிவிடும், மூன்றாம் நாள் புழு வைத்த பிறகுதான் தெரியவரும். துளை இருந்தால் ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவி, போவிடோன் அயோடின் வைத்து, அன்றே கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போங்கள். ஆடுகளை ஒரு மணி நேரம் நிழலில் விட்டுக் கவனியுங்கள். படுத்து அசைபோடத் தொடங்கினால் அதிர்ச்சி தணிந்துவிட்டது.

நாயின் பாதத்தில் விரலிடுக்கு ஒவ்வொன்றையும் விரித்து முள் பாருங்கள். காது மடல், அக்குள், வாலடியில் உண்ணி பாருங்கள். உணவு ஒரு மணி நேரம் கழித்து.

அடுத்த முறை நான்கு நாள் விட்டு. வாரம் இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். அதே ஐந்து ஆடுகளைத் தொடர்ந்து பயன்படுத்தினால் மூன்றாவது வாரத்தில் அவை சலித்து உங்கள் முழங்காலோடு ஒட்டிக்கொள்ளும், நாய்க்கு வேலை இருக்காது. அப்போது இரண்டை மாற்றிக்கொள்ளலாம். கயிறு இழுபடாமல் முழுக்க அவிழ்ப்பதை, 'படு' என்ற சொல் ஓடும் ஆட்டுக்குப் பக்கத்திலும் பத்துக்குப் பத்து முறை வேலை செய்த பிறகு யோசியுங்கள்.

அன்று இரவு வீட்டில் ஒரு வேலை இருக்கிறது. ஆட்டின் சுவை கண்டாலும் சரி, ஓட்டத்தை மட்டும் கண்டாலும் சரி, நாய்க்கு அது மறக்காது. தானாகத் தேடிப் போகப் பார்க்கும். நம் பக்கத்து வீடுகள் ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்கட்டு வாசலுமாக நீண்டவை. முகப்பைத் தாழிட்டுவிட்டுப் பின்வாசலை மறப்பது வழக்கம். இரண்டு கதவுக்கும் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, நாயை உள்முற்றத்தில் கட்டிப் படுக்க வையுங்கள்.